அச்சமும் சிறுவர் படமும்: ‘மீண்டும் ஓஸ் நாட்டிற்கு’ பெற்ற மதிப்புரைகள்

1985-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 21-ஆம் நாள் அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி நிறுவனத்தார் ‘ரிட்டர்ன் டு ஓஸ்’ என்னும் திரைப்படத்தை வெளியிட்டனர். ‘மீண்டும் ஓஸ் நாட்டிற்கு’ என்பது அப்பெயரின் பொருள். சிறுவர்க்கென எடுக்கப்பெற்ற அப்படத்தை அந்நாளைய மதிப்புரையாளருட் பெரும்பாலார் ஏற்றிலர். அது சிறுவர்க்கு ஆகாத அளவு இருண்டது, அச்சந் தருவது என்பதே அவர்தம் தீர்ப்பு. அத்தீர்ப்பு எவ்வடிப்படையில் எழுந்தது, அவ்வடிப்படை உறுதியுடையதுதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஒரு படத்தின் வழக்கை மட்டும் எடுத்துப் பேசுவதாகத் தோன்றினும், சிறுவர் இலக்கியத்தில் அச்சச்சுவைக்கு இடமுண்டா என்னும் பெருவினா இதனுள் அடங்கிக் கிடத்தலின், இலக்கியத் திறனாய்வு பயில்வார் இதனைப் புறக்கணித்தற்கில்லை.

முதற்கண் படத்தின் மூலத்தை அறிதல் வேண்டும். லைமன் பிராங்க் பாம் (1856–1919) என்பார் 1900-இல் எழுதிய ‘ஓஸ் நாட்டின் வியத்தகு மந்திரவாதி’ என்னும் கதை அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்தில் தலைமை சான்றது. அதனைத் தொடர்ந்து அவர் எழுதியவற்றோடு சேர்த்து ஓஸ் நாட்டுக் கதைகள் பதினான்கு. அவற்றுள் இரண்டாவது 1904-இலும் மூன்றாவது 1907-இலும் வெளிவந்தன. இவ்விரண்டையும் இணைத்தே ‘மீண்டும் ஓஸ் நாட்டிற்கு’ எழுதப்பட்டது. இரண்டாம் நூலில் டாரதி என்னும் சிறுமி வருவதே இல்லை. உயிர்ப்பொடியால் எழுந்த பூசணித்தலையன் ஜாக், சோபாக்களைப் பிணைத்து அமைத்த பறக்கும் கம்ப், சூனியக்காரி மோம்பி ஆகியோர் அந்நூலினர். மூன்றாம் நூலில் டாரதியும், பேசும் கோழியாகிய பில்லினாவும், சாவி கொடுத்தால் இயங்கும் செப்புமனிதன் டிக்-டாக்கும், கைகால்களில் பாதங்களுக்கு மாறாகச் சக்கரமுடைய சக்கரக்காலரும், நோம் அரசனும் வருகின்றனர். வழிநூல் வகைகளுள் தொகைவிரி என நம் இலக்கணிகள் கூறுவது இத்தகைய யாப்பினுக்கு நன்கு பொருந்தும். இரண்டாம் நூலில் டிப் என்னும் சிறுவனைத் தந்தையே என்று விளிக்கும் ஜாக், படத்தில் டாரதியைத் தாயே என்று விளிக்கின்றான். தொகுத்தலும் விரித்தலும் எத்துணை நுட்பமாக நிகழ்ந்துள்ளன என்பதற்கு இதுவொன்றே சான்றாகும்.

படத்தை இயக்கியவர் வால்ட்டர் மர்ச். ஒலியமைப்பிலும் படத்தொகுப்பிலும் பெரும்புகழ் உடைய இவர், இயக்குநராக நின்று எடுத்த முழுநீளத் திரைப்படம் இதுவொன்றே. கில் டென்னிஸ் என்பாருடன் சேர்ந்து கதையமைப்பையும் எழுதினார். டாரதியாக நடித்த பெரூசா பால்க் அப்போது பத்து வயதை ஒட்டிய சிறுமி. பாம் நூல்களுக்கு ஜான் நீல் வரைந்த ஓவியங்களை முன்வைத்தே டிக்-டாக்கும் ஜாக்கும் உருவாக்கப்பட்டனர். நோம்களின் பாறைமுகங்கள் வில் விண்டன் குழுவினரின் களிமண் இயங்குபடக் கலையால் அமைந்தவை. காட்சித்தந்திரங்களுக்காக ஆஸ்கார் பரிசுக்கு இப்படம் பரிந்துரைக்கப்பட்டது. பரிசு ‘கொக்கூன்’ என்னும் படத்திற்குச் சென்றது.

மதிப்புரைகளுக்கு வருவோம். ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் ஜேனட் மாஸ்லின், படத்தின் வறண்ட துயர்நிலை சிறுவரைத் திடுக்கிடச் செய்யும் என்று எழுதினார். ‘சிகாகோ ரீடர்’ இதழின் டேவ் கேர், படம் துயர்ப்பட்டதும் உடல் கூசச்செய்வதும் இடையிடையே நடுங்கவைப்பதும் ஆகும் என்றார். வேறு பலரும் இக்கருத்தையே சொல்மாற்றிச் சொன்னார்கள். ஏறத்தாழ 2 கோடியே 80 இலட்சம் டாலர் செலவில் எடுக்கப்பெற்ற படம், வட அமெரிக்கத் திரையரங்குகளில் 1 கோடியே 11 இலட்சம் டாலர் அளவே ஈட்டியது. மதிப்புரையாளர் மறுத்ததும் மக்கள் வாராததும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. எது காரணம், எது காரியம் என்று பிரித்தறிவது அரிது.

இம்மதிப்புரைகளைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். இவை படத்தை அதன் மூலநூல்களோடு ஒப்பிட்டு எழுந்தவை அல்ல. 1939-இல் மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனத்தார் விக்டர் பிளெமிங் இயக்கத்தில் எடுத்த, ஜூடி கார்லந்து பாடி நடித்த இசைப்படத்தோடு ஒப்பிட்டு எழுந்தவை. பாடலும் ஆடலும் நிறைந்த அப்படத்தை உள்ளத்திற்கொண்டு அரங்கினுள் புகுந்தோர்க்குப் பாடலே இல்லாத இப்படம் ஏமாற்றமாயிற்று. 1939-ஆம் ஆண்டுப் படந்தானும் தோன்றிய நாளிலேயே மாணிக்கமாக மதிக்கப்பட்டதன்று. ‘நியூயார்க்கர்’ இதழில் ரசல் மலோனி அதனை மிகக் கடுமையாக இழித்துரைத்தார். முதல் வெளியீட்டில் நிறுவனத்திற்கு இழப்பே நேர்ந்தது. 1949-இல் மறுமுறை வெளியிட்ட பின்னரே அவ்விழப்பு நீங்கியது. 1956-இல் தொலைக்காட்சியில் முதன்முறை ஒளிபரப்பப்பட்டு, 1959 முதல் ஆண்டுதோறும் ஒளிபரப்பப்பட்ட பின்னரே அது ஒரு நாட்டின் இல்லவிழாப் போலாயிற்று. ஆண்டுக்கொருமுறை குடும்பத்தோடு கண்டு கண்டு பழகிய சூனியக்காரி, எத்துணைக் கொடியவளாயினும் அச்சம் நீங்கி உறவினள் போலாகிவிடுகின்றாள். அவள் உருகி ஒழிவாள் என்பதை அறியாத குழந்தை எதுவுமில்லை. பழக்கத்தால் தேய்ந்த அச்சத்தை அளவுகோலாகக் கொண்டு, பழகாத அச்சத்தை அளந்ததே 1985-இல் நிகழ்ந்த முதற்பிழை.

ஆயினும் பழியை மதிப்புரையாளர் மேலேயே முழுதும் ஏற்றுதல் நேர்மையன்று. ஒப்புமையைப் படமே அழைத்தது. பாம் எழுதிய முதல் நூலில் டாரதி அணிவது வெள்ளிக் காலணி. மாணிக்கச் சிவப்புக் காலணி 1939-ஆம் ஆண்டுப் படத்தாரின் படைப்பு. அதனைப் பயன்படுத்தும் உரிமைக்கென டிஸ்னி நிறுவனத்தார் பொருள் கொடுத்துப் பெற்றனர். கான்சசில் ஒருவராகவும் ஓஸ் நாட்டில் மற்றொருவராகவும் ஒரே நடிகர் தோன்றும் முறையும் பழைய படத்தினின்று பெற்றதே. அதில் மார்கரெட் ஹாமில்டன் நாய்க்குட்டியைப் பறிக்க வரும் அயலாளாகவும் சூனியக்காரியாகவும் வந்தார். இதில் நிக்கல் வில்லியம்சன் மருத்துவராகவும் நோம் அரசனாகவும், ஜீன் மார்ஷ் செவிலித் தலைவியாகவும் மோம்பியாகவும் வருகின்றனர். ஒருவர் வீட்டு நிலைப்படியைக் கடன்வாங்கித் தன் வீட்டில் பொருத்தியவன், வருவோர் பழைய வீட்டை நினைக்கின்றனரே என்று வருந்துதல் ஆகாது.

இனி, ‘பாமின் உள்ளத்திற்கு மாறானது இப்படம்’ என்னும் குற்றச்சாட்டு. இதற்கு மேலோட்டமான சான்று ஒன்று உண்டு. 1900-ஆம் ஆண்டு நூலின் முன்னுரையில் பாம், பழைய தேவதைக் கதைகளின் கொடூரங்களை விலக்கி, வியப்பும் மகிழ்ச்சியும் நிலவ, நெஞ்சவலியும் தீக்கனவும் நீங்கிய புதுக்கதை ஒன்று தரக் கருதியதாகச் சொல்கின்றார். முன்னுரையை மட்டும் படித்தவர் படத்தை மறுப்பது இயல்பே. நூலுட் புகுந்தால் காண்பது வேறு. தகரமனிதன் தன் கோடரியால் நாற்பது ஓநாய்களின் தலைகளை ஒவ்வொன்றாய் வெட்டிக் குவிக்கின்றான். வைக்கோல்மனிதன் நாற்பது காக்கைகளின் கழுத்தைத் திருகுகின்றான். தகரமனிதன் தகரமானதே சூனியம் வைக்கப்பட்ட கோடரி அவன் உறுப்புகளை ஒவ்வொன்றாகத் துணித்ததனால். மூன்றாம் நூலிலோ லாங்விடியர் என்னும் இளவரசி முப்பது தலைகளைப் பேழையில் வைத்துக்கொண்டு நாளுக்கொன்றாக மாற்றி அணிகின்றாள். டாரதியின் தலையைப் பிடித்துப்போய்க் கேட்கின்றாள். தர மறுத்தவளைச் சிறையிடுகின்றாள். படத்தார் இவளை மோம்பியோடு இணைத்தனரே அன்றி, இக்கொடுமையைப் புதிதாகப் படைத்திலர். ஆசிரியர் கூறும் நோக்கமும் அவர் நூலின் இயல்பும் முரணுமிடத்து, நூலே வலியுடைய சான்று என்பது திறனாய்வின் பால்பட்ட அடிப்படை. இலக்கிய வரலாறு எழுதுவோருள்ளும் முன்னுரையை நம்பி நூலைத் திறவாதார் உளர். அஃது ஈண்டு வேண்டா.

கான்சசின் துயரும் படத்தார் புனைந்ததன்று. முதல் நூலின் தொடக்கத்திலேயே நிலம், புல், வீடு, மாந்தர் எல்லாம் சாம்பல் நிறம் பற்றியனவாகவே பாம் காட்டுகின்றார். எம் அத்தையின் கண்ணொளியையும் கன்னத்துச் செம்மையையும் வெயிலும் காற்றும் கவர்ந்துகொண்டன என்பது அவர் தரும் ஓவியம். 1910-இல் எழுதிய ஆறாம் நூலில் ஹென்றி மாமா ஒற்றிக்கடனால் பண்ணையை இழக்கும் நிலைக்கு வருகின்றார். படத்தின் கதை 1899-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் தொடங்குகின்றது. சூறாவளி வீட்டைப் பெயர்த்தபின் புதுவீடு அரைகுறையாய் நிற்கின்றது. மாமா அதனை முடிக்கும் ஊக்கமற்று அமர்ந்திருக்கின்றார். அந்நாளைய வட அமெரிக்கச் சிற்றூர் வாழ்வின் துயரங்களைப் பழைய நிழற்படங்களாலும் செய்தித்தாட் குறிப்புகளாலும் தொகுத்துக் காட்டும் ‘விஸ்கான்சின் டெத் டிரிப்’ என்னும் 1973-ஆம் ஆண்டு நூலையும் மர்ச் வரலாற்றுச் சான்றாகப் பயன்கொண்டார். இப்பகுதியின் மண்வாசனை அதனால் வந்தது.

படத்தார் தாமே புதிதாகப் படைத்தது ஒன்றுண்டு. அஃது மருத்துவமனை. மதிப்புரையாளரின் கண்டனம் எல்லாம் இங்கேதான் வந்து குவிகின்றது. ஓஸ் நாட்டைப்பற்றியே பேசிக்கொண்டு உறக்கமின்றி வாடும் டாரதியை, அவள் நலம் கருதியே, எம் அத்தை மின்சார மருத்துவம் செய்யும் வோர்லி என்பாரிடம் கொண்டுபோய் விடுகின்றாள். மருத்துவர் கொடியவராகத் தோன்றவில்லை. இன்முகத்தோடு அவர் தம் கருவியை அறிமுகம் செய்கின்றார். அதற்குக் கண் உண்டு, வாய் உண்டு என்று காட்டிக் குழந்தையைச் சிரிக்கவைக்க முயல்கின்றார். மூளையும் ஒரு பொறியே, அதில் மிகைப்பட்ட மின்னோட்டத்தை நீக்கிவிட்டால் தீய கனவுகள் நீங்கும் என்பது அவர் விளக்கம். இரவில் புயல் எழுகின்றது. சிறுமியைச் சக்கரப் படுக்கையில் வாரிட்டுக் கட்டித் தள்ளிச் செல்கின்றனர். மின்னலால் மின்சாரம் அறுகின்றது. எங்கிருந்தோ அலறல்கள் கேட்கின்றன. அவை இம்மருத்துவத்தாற் கெட்டு, நிலவறையில் அடைக்கப்பட்டோரின் குரல்கள்.

இம்மருத்துவத்தைப் பலர் இன்றுவரை மின்னதிர்ச்சி மருத்துவம் என்றே எழுதிவருகின்றனர். வலிப்பை உண்டாக்கி மனநோய் தீர்க்கும் அம்முறை 1938-இல் ரோம் நகரில் செர்லெட்டி, பினி என்னும் இருவரால் தொடங்கப்பெற்றது. படத்தின் காலம் 1899. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் நரம்புத்தளர்ச்சி முதல் உறக்கமின்மைவரை பலவற்றுக்கும் மென்மின்னோட்டம் பாய்ச்சும் மருத்துவம் பெருவழக்காயிருந்தது. புதுநூற்றாண்டு மின்சாரத்தால் விளங்கும் என்று வோர்லி நம்புவது அந்நாளைய உண்மையான நம்பிக்கையே. காண்போர் உள்ளத்தில் பிற்கால மின்னதிர்ச்சியின் நினைவு எழுமென்பதை மர்ச் அறியாதிருந்திரார். எனினும் வரலாற்றுப் பிழை படத்தில் இல்லை.

மருத்துவமனைக் காட்சி ஏன் இத்துணை நடுக்கத்தைத் தந்தது? அதனைவிட வன்மையான காட்சிகள் படத்திலேயே உள. தலையற்ற உடல் துரத்தும் காட்சியைக் காட்டிலும், சிரித்த முகமுடைய மருத்துவர் கருவியின் கைப்பிடியைத் திருப்பும் காட்சியே நெஞ்சில் தங்குகின்றது. இவ்விடத்துத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்திற்குக் கூறும் நிலைக்களன் நான்கினை நினைவுகூர்தல் பயன்தரும். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. இறை என்பதனை அரசனோடு நிறுத்தாமல் தந்தை, ஆசிரியர் முதலியோரையும் உளப்படுத்திக் கொள்வது உரைமரபு. முதல் மூன்றும் புறத்தேயிருந்து வந்து தாக்குவன. அவற்றினின்று ஓடலாம், ஓடி இறையிடம் அடைக்கலம் புகலாம். நான்காவதற்கு அவ்வழி இல்லை. புகலாக வேண்டியவரே அஞ்சத்தக்கவராயின் ஓடி ஒளிய இடம் ஏது?

1939-ஆம் ஆண்டுப் படத்தின் அச்சம் பெரும்பாலும் முதலிரண்டால் அமைந்தது. பச்சைமுகச் சூனியக்காரி அணங்கின்பாற்படுவாள். சிறகுடைக் குரங்குகள் விலங்கின்பாற்படும். அத்தையும் மாமாவும் அன்பின் எல்லையிலேயே நிற்கின்றனர். இறுதியில் எல்லாம் கனவென்று முடிதலால் அணங்கும் விலங்கும் ஒருங்கே மறைகின்றன. 1985-ஆம் ஆண்டுப் படத்தில் தலை கவரும் மோம்பியும், மரகத நகரின் மணிகளையெல்லாம் பெயர்த்துச்சென்ற நோம் அரசனும் கள்வர். அவர்க்கும் மேலாக நிற்பது இறையச்சம். அன்புடைய அத்தை தன் கையாலேயே சிறுமியை ஒப்படைக்கின்றாள். அவள் நெஞ்சில் தீமை இல்லை, அதுவே கொடிது. சிறுமி செய்த பிழைதான் யாது? கண்டதைக் கண்டேன் என்று கூறியது ஒன்றே. மாஸ்லின் முதலியோர் அச்சம் மிகுந்தது என்று அளவுபற்றிக் குறை கூறினர். அளவு இங்கே குறையன்று, வகைதான் மாறியது. அவ்வகை, அரங்கில் குழந்தைக்கு அருகே அமர்ந்திருந்த பெற்றோரையே சுட்டியது. பெரியோர் சினந்ததில் வியப்பில்லை.

அவ்வச்சத்தைப் படம் எவ்வாறு ஆள்கின்றது என்பதே திறனாய்வாளன் காணவேண்டுவது. மர்ச் ஒலிக்கலைஞர் என்றோம். மருத்துவமனையில் சக்கரப் படுக்கை எழுப்பும் கிறீச்சொலி, ஓஸ் நாட்டில் சக்கரக்காலர் வரும்போது திரும்பவும் எழுகின்றது. உருவம் தோன்றுமுன்னரே காது அறிந்துகொள்கின்றது. படுக்கையைத் தள்ளிய பணியாளனாக நடித்தவரே சக்கரக்காலர் தலைவனாகவும் வருகின்றார். கான்சசில் பெயர்சொல்ல இயலாதிருந்த அச்சம் ஓஸ் நாட்டில் உருப்பெறுகின்றது. உருப்பெற்றபின் அதனோடு பேசவும் அதனைப் பழிக்கவும் ஏமாற்றவும் முடிகின்றது. கூச்சலிட்டு வெருட்டிய சக்கரக்காலர் தலைவன், டிக்-டாக்கின் கையில் அகப்பட்டவுடன் கெஞ்சிக் குழைகின்றான். கான்சசு மருத்துவமனைப் பணியாளனிடம் டாரதியால் செய்ய இயலாததை இங்கே அவள் செய்துகாட்டுகின்றாள். கனவில் வரும் ஈடுசெய்தல் இதுவென்று உளநூலார் கூறுவர். கதையின் யாப்பே அதனை உணர்த்துதலின் அப்பெயர் நமக்கு வேண்டுவதின்று.

மோம்பியின் மண்டபக் காட்சியையும் இவ்வாறே நோக்குக. இரவில் கண்ணாடிப் பேழைகளினூடே அடிமேல் அடிவைத்துச் சென்று, உயிர்ப்பொடியைக் கவர்கின்றாள் டாரதி. பேழைக்குள் துயின்ற தலைகள் விழித்து அலறுகின்றன; தலையற்ற உடல் எழுந்து கைகளை நீட்டித் துரத்துகின்றது. படத்திலேயே மிகக் கொடிய காட்சி இது. ஆனால் இதில் செயலின் முதல் டாரதியிடமே உள்ளது என்பதனை மதிப்புரையாளர் கருதவில்லை. அவள் துரத்தப்படுவது கையில் ஒன்றைப் பெற்றபின்னரே; தப்புதற்கு வேண்டிய கருவியை அவளே தேடிக்கொண்டாள். மருத்துவமனையில் கட்டுண்டு கிடந்தவள் இங்கே தறுகண் உடையவளாகின்றாள். அஞ்சுகின்றவளின் அச்சம் மட்டுமே காட்டப்படின் காண்போன் நடுங்குவான். அச்சத்தினூடே பெருமிதம் அரும்புவது காட்டப்படின் அவன் மூச்சை அடக்கிக்கொண்டு மேலும் காண விரும்புவான்.

நோம் அரசனின் மலைக்குகை படத்தின் உச்சம். அவன் மெல்லக் குழைந்து பேசுகின்றான். உன்னை ஊருக்கு அனுப்பிவிடுகின்றேன், பிறகு ஓஸ் நாட்டை நீ நினைக்கவே மாட்டாய் என்கின்றான். மருத்துவர் வோர்லி செய்யவந்ததும் இதுவேயன்றோ? ஒரே நடிகர் இருவராகவும் வந்ததன் பொருள் இவ்விடத்தே முழுமை பெறுகின்றது. நோயாளிக்கு வலியின்றி மறதியைத் தருதல், கைதிக்கு இனிய சொல்லால் மறதியைத் தருதல் இரண்டும் ஒன்றே. அவள் மறுக்கின்றாள். வைக்கோல்மனிதன் அவ்வரண்மனையில் ஓர் அணிகலனாக மாற்றப்பட்டுக் கிடக்கின்றான்; அவனை விட்டு வர இயலாது. நட்பின் பொருட்டு நினைவைக் காத்துக்கொள்ளும் இவ்வுறுதியைச் சிறுவர்க்குக் காட்டும் படம் சிறுவர்க்கு ஆகாது என்பதனை ஒப்புதற்கில்லை.

படத்தின் குறைகளை மறைத்தலும் ஆகாது. நகைச்சுவை மிக வறியது. டிக்-டாக்கும் பில்லினாவும் பூசலிடும் இடங்கள் சில தவிர, சிறுவர் வாய்விட்டுச் சிரிக்க இடமில்லை. நகை இல்லாவிடத்து அச்சம் தன் அளவினும் பெரிதாகத் தோன்றும். ஆதலின் ‘இருண்டது’ என்ற தீர்ப்புக்கு இவ்வறுமை ஒரு காரணமாயிருந்திருத்தல் கூடும். சிங்கமும் தகரமனிதனும் பெரும்பகுதி கல்லாகவே நிற்கின்றனர். அவர்களைக் காணவே வந்த குழந்தைக்கு இஃது ஏமாற்றமே. ஓஸ்மா உருவம் பெற்ற அளவு உள்ளம் பெறவில்லை. அணிகலன்களை ஊகித்துத் தொடும் விளையாட்டு நூலில் நீண்டு சுவைதருவது. படத்தில் முன்னரே விடை தெரிந்த புதிர்போல ஓடிவிடுகின்றது. கோழிமுட்டையால் நோம் அரசன் தோற்பது பாமின் கதையில் நகையோடு கூடியது. படத்தில் அது பேரழிவாகக் காட்டப்பட்டு, காரணத்தின் சிறுமையும் காரியத்தின் பெருமையும் பொருந்தாமல் நிற்கின்றன. இக்குறைகளைச் சொன்ன மதிப்புரையாளரோடு எனக்கு மாறுபாடில்லை.

வெளியீட்டின் சூழ்நிலையும் ஒருவாறு கருதத்தக்கது. 1954-இல் டிஸ்னி நிறுவனம் வாங்கிவைத்திருந்த உரிமையின் காலம் முடியுமுன் படம் எடுக்கவேண்டியதாயிற்று. படப்பிடிப்பின் இடையே மர்ச் நீக்கப்பட்டு, ஜார்ஜ் லூக்கஸ் முதலிய நண்பர்கள் துணைநிற்க மீண்டும் அமர்த்தப்பட்டார். 1984-இல் நிறுவனத் தலைமையே மாறியது. அதே ஆண்டில், பெற்றோர் சிலர் ‘கிரெம்லின்ஸ்’ முதலிய படங்களின் கொடுமை கண்டு முறையிட்டதன் விளைவாக, பதின்மூன்று வயதிற்குட்பட்டோர்க்கு எச்சரிக்கை கூறும் புதிய தரப்பிரிவு அமெரிக்காவில் ஏற்பட்டது. ‘மீண்டும் ஓஸ் நாட்டிற்கு’ அப்பிரிவில் வைக்கப்படவில்லை. எனினும் மதிப்புரையாளர் காதில் அப்பூசலின் ஒலி ஓய்ந்திருக்கவில்லை. அதே கோடையில் அந்நிறுவனம் வெளியிட்ட ‘தி பிளாக் கால்ட்ரன்’ என்னும் இருண்ட ஓவியப்படமும் வீழ்ச்சியுற்றது. இத்தகைய அச்சம் 1985-இல் புதிதாகத் தோன்றியதும் அன்று. 1938-இல் பிரிட்டனில் தணிக்கைக் குழுவினர் டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ படத்தைச் சிறுவர் பெரியோர் துணையின்றிக் காணலாகாது என்று வகுத்தனர். அப்படத்தை இன்று எவரும் கொடியதென்று சொல்வதில்லை.

காலம் செல்லச்செல்லத் தீர்ப்பு மாறியது. ஒளிநாடாவிலும் தொலைக்காட்சியிலும் இப்படத்தைச் சிறுவயதிற் கண்டோர், வளர்ந்தபின் இதனைப் போற்றி எழுதலாயினர். இன்று இதற்குப் பற்றுடைய அன்பர்கூட்டம் ஒன்று உண்டு. இம்மாற்றத்தை வெற்றியென்று உடனே கொண்டாடுதல் எனக்கு உடன்பாடன்று. 1985-இல் மறுத்தோர் தம் இளமையில் கண்ட படத்தின் நினைவால் மறுத்தனர். பின்னாளிற் போற்றியோர் தம் இளமையில் கண்ட இப்படத்தின் நினைவால் போற்றுகின்றனர். நினைவு மாறியதே ஒழிய அளவுகோல் மாறவில்லை. இரு திறத்தாரும் படத்தைக் காணாது தம் இளமையையே காண்கின்றனர் எனலாம்.

விதிவிலக்காக ஒருவரைச் சுட்டலாம். அக்காலத்தே பிரிட்டனில் வெளிவந்த ‘இமாஜின்’ என்னும் இதழில் இப்படத்தைப் பாராட்டி எழுதியவர் நீல் கெய்மன் என்னும் இளைஞர். அப்போது அவர் பெயர்பெற்ற ஆசிரியர் அல்லர். பழைய படத்தினும் இருண்டது என்பதனை அவரும் ஒப்புக்கொண்டார்; ஆயின் அதனைக் குறையாக எண்ணவில்லை. அவர் 2002-இல் எழுதிய ‘கோரலைன்’ என்னும் சிறுவர்கதை 2009-இல் ஹென்றி செலிக் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. அதில் ஒரு சிறுமி, கதவுக்கு அப்பாலுள்ள மற்றோர் இல்லத்தில், தன் தாயைப் போன்றே தோன்றி, கண்களுக்கு மாறாகப் பொத்தான் தைக்கப்பெற்ற மற்றொரு தாயைக் காண்கின்றாள். அத்தாய் வேண்டுவதும் அன்பே. அன்பின் விலையாகச் சிறுமியின் கண்களைக் கேட்கின்றாள். புகலே பகையாகும் அச்சம் ஈண்டும் வந்தது. மதிப்புரையாளர் பெரிதும் பாராட்டினர். இதற்குக் காரணம் ஒன்று கூறலாம். ‘கோரலைன்’ படத்தில் உண்மைத்தாய் வேறு, பொத்தான்கண்தாய் வேறு. இறுதியில் உண்மைத்தாய் குற்றமற்றவளாகவே மீள்கின்றாள். அரங்கில் அமர்ந்த பெற்றோர்க்கு ஒதுங்க இடமிருந்தது. ‘மீண்டும் ஓஸ் நாட்டிற்கு’ படத்தில் எம் அத்தை ஒருத்தியே. அழைத்துச் சென்றவளும் அவளே, ஆற்றங்கரையில் கண்டெடுத்துத் தழுவிக்கொள்பவளும் அவளே.

முடிவுக் காட்சியைப்பற்றி மதிப்புரைகள் போதிய அளவு பேசவில்லை. மருத்துவமனை இடியால் எரிந்தொழிகின்றது. வோர்லி தம் கருவிகளைக் காக்கப்போய் மடிகின்றார். செவிலித் தலைவி கூண்டுவண்டியில் கொண்டுசெல்லப்படுகின்றாள். தண்டனையை இடி வழங்கிவிட்டதால் அத்தை தன் செயலை எண்ணிப்பார்க்கும் வேலை அவளுக்கு இல்லாமற்போகின்றது. தவறினேன் என்று அவள் வாயினின்று ஒரு சொல் எழுவதில்லை. இதனை எளிய முடிவு என்று ஒதுக்கலாமோ என ஐயுற்றதுண்டு. ஆனால் அதன்பின் ஒரு சிறு காட்சி உளது. புதுவீடு கட்டி முடிகின்றது. டாரதி தன் அறைக் கண்ணாடியில் ஓஸ்மாவையும் பில்லினாவையும் காண்கின்றாள். மகிழ்ச்சி பொங்க அத்தையைக் கூவி அழைக்கின்றாள். ஓஸ்மா விரலை இதழில் வைக்கின்றாள். என்னவென்று அத்தை வினவ, ஒன்றுமில்லை, கண்ணாடியில் என்னையே பார்த்தேன் என்று விடையிறுத்துவிட்டு, நாய்க்குட்டியோடு வெயிலில் ஓடுகின்றாள் சிறுமி. மருத்துவர் கருவியால் செய்ய முயன்றதை, அஃதாவது வாய்மூடச் செய்தலை, அவள் தானே மேற்கொண்டுவிட்டாள். காத்துக்கொண்டாள் என்பதா, கைவிட்டாள் என்பதா? அவள் சிரிப்பது காத்துக்கொண்டாள் என்கின்றது. அத்தை கதவருகே நின்று நோக்கும் பார்வையில் வேறொன்றும் தெரிகின்றது.